கருவானமும் வெண்பாறையும்: நிலக்காட்சிப் படத்தில் மிகையும் மெய்யும்

உள்ளதை உள்ளவாறே கூறுவது இயல்பு நவிற்சி. உள்ளதை உயர்த்திக் கூறுவது உயர்வு நவிற்சி. இரண்டையும் அணி என்றே நம் இலக்கணம் ஏற்றுள்ளது. கவிதையில் வரும் மிகையைப் பொய்யென்று எவரும் தள்ளுவதில்லை. ஆனால், ஒளிப்படத்தில் வானம் சற்று மிகுதியாகக் கருத்துவிட்டால், 'இது கணினி செய்த பொய்' என்று உடனே கூறிவிடுகிறோம். நானும் அவ்வாறு எண்ணியிருந்தவனே. வண்ண நிலக்காட்சி கருப்பு வெள்ளையாக மாறும் முறையை அறிந்த பின்னரே அவ்வெண்ணம் மாறியது. அம்முறையையும் அதற்குரிய எல்லையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிவப்புக் கண்ணாடி

கணினிக்கு முன்பே தோன்றிய கலை இது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984), 1927 ஏப்ரல் 10 அன்று கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையைப் படமெடுக்க மலையேறினார். பாறையின் எதிரே நின்றபோது அவரிடம் எஞ்சியிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் வடிகண்ணாடி வழியாக எடுத்தார். தாம் உணர்ந்த மருட்கை அப்படத்தில் வாராது என்று உடனே அவருக்குத் தோன்றியது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு வடிகண்ணாடியைப் பொருத்தினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கும். ஆதலின் நீலவானம் ஏறத்தாழக் கருமையாயிற்று. அதன்முன் பாறைமுகம் ஓங்கி நின்றது. அவர் புகழை நிலைநாட்டிய படங்களுள் அது முதன்மையானது.

மூன்று எண்களின் கலப்பு

அந்த வடிகண்ணாடியின் பணியை இன்று மென்பொருள் செய்கிறது. வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் பொதுவாக 0 முதல் 255 வரை அமையும். கருப்பு வெள்ளையாக்குதல் என்பது நிறத்தை அகற்றுவது மட்டுமன்று. இம்மூன்று எண்களை எந்த அளவில் கலந்து ஒரே எண்ணாக்குவது என்று முடிவு செய்வதாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வானத்தின் எண்கள் 70, 130, 210 என்றும், பாறையின் எண்கள் 190, 180, 170 என்றும் கொள்வோம். சிவப்பு 30, பச்சை 59, நீலம் 11 விழுக்காடு என்னும் வழக்கமான கலப்பில் வானம் 121, பாறை 182 ஆகும், வேறுபாடு 61. சிவப்பை மட்டும் கொண்டால் வானம் 70, பாறை 190. வேறுபாடு 120, ஏறத்தாழ இருமடங்கு. நீலத்தை மட்டும் கொண்டாலோ வானம் 210, பாறை 170. வானமே பாறையினும் வெளுத்துவிடும். காட்சி ஒன்றே, பொருள் மூன்று.

ஃபோட்டோஷாப், கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் ஆகிய இரண்டிலும் இக்கலப்பை மாற்றும் வசதி உண்டு. அதன்பின் வெளிச்ச வளைகோட்டைச் சற்றே 'எஸ்' வடிவில் வளைத்தால் ஒளி மிகும், நிழல் ஆழும். மேகத்தின் விளிம்பை வெளிறச் செய்தலும், பார்வையை ஈர்க்கும் மூலைகளைக் கருக்கச் செய்தலும் இருட்டறையில் கைகளால் செய்த பழைய பணிகளே.

மாணவர்கள் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். படத்தை வண்ணத்திலேயே எடுத்தல் வேண்டும். நிறச்செய்தி இழந்த படத்தில் கலப்பதற்கு ஒன்றுமில்லை. மூடுமேக வானில் மூன்று எண்களும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பதால் இம்முறை பயன் தராது. நீலத்தை அளவுமீறிக் குறைத்தால் வானில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். மலைவிளிம்பில் வெண்கோடு படியும். மூலப்படத்தை அழியாமல் காத்தல் இன்றியமையாதது.

எல்லை எது?

இங்குதான் மெய் பற்றிய வினா எழுகிறது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ், தன் அட்டையின் நெடுவடிவுக்குப் பொருந்துமாறு எகிப்தின் கீஸா பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்தது. பெருங்கண்டனம் எழுந்தது. அங்கு நிகழ்ந்தது உயர்வு நவிற்சியன்று, இடமே மாறிவிட்டது.

ஆடம்ஸும் இவ்வினாவுக்கு விலக்கானவர் அல்லர். 1944-இல் அவர் எடுத்த குளிர்காலச் சூரியோதயப் படத்தில், லோன் பைன் ஊர்ப் பள்ளி மாணவர்கள் குன்றின்மேல் வெண்ணிறத்தில் அமைத்திருந்த 'எல்.பி.' என்னும் எழுத்துகள் இருந்தன. அவற்றைப் படத்திலிருந்து நீக்கினார். அதற்காகக் குறை கூறப்பட்டார். எனினும் தாம் செய்ததை மறைக்காமல் நூலிலேயே எழுதினார். வானைக் கருக்கியதையும் எழுத்தை நீக்கியதையும் ஒன்றெனக் கருதுதல் இயலாது. முன்னது இருப்பதன் ஒளியை மாற்றியது; பின்னது இருந்ததையே இல்லையாக்கியது.

எனவே, கலைப்படத்தில் ஒளியையும் நிழலையும் உயர்த்துதல் தகும். இல்லாததைச் சேர்த்தலும் இருப்பதை மறைத்தலும் செய்தால் அதனை வெளிப்படக் கூறுதல் வேண்டும். செய்திக்கும் சான்றுக்கும் உரிய படமாயின் இயல்பு நவிற்சியே முறையாகும். புயல் வராத நாளின் வானைக் கருக்கிப் 'புயல் நாள்' என்று தலைப்பிட்டால், பொய்யாவது படமன்று, தலைப்பே.

இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொரு மாணவர் கையிலும் அந்தச் சிவப்புக் கண்ணாடி இருக்கிறது. அதனைப் பொருத்துமுன், 'நான் கண்டதை உயர்த்துகிறேனா, காணாததைக் கண்டதாகக் காட்டுகிறேனா?' என்று ஒருமுறை தம்மையே வினவிக்கொள்வாராக. அவ்வினாவுக்கு நேர்மையாக விடை கூறுபவரின் கருவானம் எவரையும் ஏமாற்றாது.