பிலூ மோடி

பிலூ மோடி (நவம்பர் 14, 1926 – சனவரி 29, 1983) இந்தியக் கட்டடக் கலைஞரும் அரசியல்வாதியும் ஆவார். இராசாசி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவர். அக்கட்சியின் கடைசித் தலைவரும் இவரே. மக்களவைக்கு இருமுறையும் மாநிலங்களவைக்கு ஒருமுறையும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வழக்கறிஞர்களும் நிலக்கிழார்களும் நிறைந்திருந்த அன்றைய நாடாளுமன்றத்தில், வரைபலகையிலிருந்து வந்த இவர் ஓர் அரிய விதிவிலக்கு.

இளமையும் கல்வியும்

பம்பாயைச் சேர்ந்த பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை சர் ஹோமி மோடி தொழிலதிபர். 1949 முதல் 1952 வரை உத்தரப் பிரதேச ஆளுநராக இருந்தவர். டாட்டா உருக்கு நிறுவனத்தை நடத்திய ரூசி மோடி இவருடைய அண்ணன். பம்பாய் சர் ஜே. ஜே. கட்டடக்கலைக் கல்லூரியில் பயின்றபின் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேற்படிப்பை முடித்தார். அமெரிக்கரான லவீனா கோல்கனை மணந்தார்.

கட்டடக் கலைஞராக

நாடு திரும்பிய பின்னர், சண்டிகர் நகரம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், லெ கொபூசியேயின் திட்டத்தில் பணியாற்றினார். 1953 இல் மோடி அண்டு கோல்கன் என்னும் கட்டடக்கலை நிறுவனம் தொடங்கப்பட்டது. துர்க்கா பாச்பாயுடன் சேர்ந்து இவர் வடிவமைத்த தில்லி ஓபராய் இன்டர்கான்டினென்டல் விடுதி 1965 இல் திறக்கப்பட்டது. இவருடைய கட்டடங்களுள் பரவலாக அறியப்பட்டது இதுவே. அதன் உட்புறம் பெருமளவு மாற்றியமைக்கப்பட்டு 2018 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இத்தொழிலுக்கும் இவருடைய அரசியலுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள அக்காலப் பொருளாதார முறையை அறிதல் வேண்டும். 1951 ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி, முக்கியத் தொழில்களில் பெரிய ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் உரிமம் தேவைப்பட்டது. சிமெண்ட்டின் விலையையும் பங்கீட்டையும் அரசே முடிவு செய்தது; உருக்கும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது. கட்டடம் கட்டுவோர் பணம் வைத்திருந்தும் அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. இம்முறைக்கு இராசாசி வைத்த பெயர் 'பெர்மிட் லைசென்சு ராச்சியம்'. அதை நாள்தோறும் எதிர்கொண்ட தொழில்களுள் கட்டடத் தொழிலும் ஒன்றாகும்.

சுதந்திராக் கட்சி

1959 இல் சென்னையில் அறிவிக்கப்பட்ட இக்கட்சி அரசுத் தலையீட்டைக் குறைக்கவும் கூட்டுறவுப் பண்ணைத் திட்டத்தை எதிர்க்கவும் தோன்றியது. 1967 பொதுத்தேர்தலில் மக்களவையில் 44 இடங்கள் பெற்று முதன்மையான எதிர்க்கட்சியாயிற்று. அத்தேர்தலில்தான் மோடி குசராத்தின் கோத்ரா தொகுதியில் வென்றார்.

அதே தேர்தலில் சென்னை மாநிலத்தில் தி.மு.க.வுடன் கூட்டணி கண்ட சுதந்திராக் கட்சிக்கு 6 மக்களவை இடங்களும் 20 சட்டமன்ற இடங்களும் கிடைத்தன. முத்துக்குளித்துறைக் கரையை ஒட்டிய திருச்செந்தூர் மக்களவைத் தொகுதி அவற்றுள் ஒன்று. 1962 இல் காங்கிரசின் டி. டி. கிருட்டிணமாச்சாரி போட்டியின்றித் தேர்வான தொகுதி அது. முத்துக்குளிப்பு நெடுங்காலமாக ஆள்வோரின் உரிமையாக இருந்த கரை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த கடைசிக் குளிப்பும் அரசின் பொறுப்பிலேயே நடந்தது. அரசின் பிடி தளர வேண்டும் என்ற கட்சி அங்கே வென்றது கவனிக்கத்தக்கது. எனினும் கூட்டணி பலத்தையும் அன்றைய காங்கிரசு எதிர்ப்பு அலையையும் கழித்துவிட்டு இவ்வெற்றியை மதிப்பிட இயலாது.

1971 இல் கட்சி 8 இடங்களாகச் சுருங்கியது. மோடி மீண்டும் கோத்ராவில் வென்றார். 1972 இல் இராசாசி மறைந்தார். 1974 இல், மோடி தலைவராக இருந்தபோது, கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்துடன் இணைந்து மறைந்தது.

நாடாளுமன்றத்தில்

பெருத்த உடலும் உரத்த நகைச்சுவையும் இவருடைய அடையாளங்கள். எதிர்க்கட்சியினரை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் கையாட்கள் என்று ஆளுங்கட்சியினர் சாடிவந்த காலத்தில், 'நான் ஒரு சி.ஐ.ஏ. ஏசெண்டு' என்று எழுதிய அட்டையை அணிந்துகொண்டு அவைக்கு வந்தார். குற்றச்சாட்டை மறுத்து ஆற்றும் நீண்ட உரையைவிட அந்த அட்டை அதிகம் பேசப்பட்டது. 1975 இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது மிசா சட்டத்தின்கீழ் சிறைவைக்கப்பட்டார்.

பூட்டோவின் நட்பு

பாகித்தானின் சுல்பிக்கார் அலி பூட்டோ, பம்பாய் நாள்களிலிருந்தே இவருடைய நண்பர்; பெர்க்லியிலும் உடன் பயின்றவர். 1971 போருக்குப்பின் பூட்டோ பேச்சுவார்த்தைக்காக 1972 இல் சிம்லா வந்தபோது, மோடி அங்குச் சென்று அவரைச் சந்தித்தார். போர் முடிந்து ஓராண்டுகூட நிறையாத நிலையில், எதிரி நாட்டுத் தலைவரைத் தன் நண்பர் என வெளிப்படையாகச் சொல்வது ஓர் எதிர்க்கட்சி உறுப்பினருக்கு எளிதன்று. மோடி அதைப் புத்தகமாகவே எழுதினார்: 'சுல்பி என் நண்பர்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 1973 இல் வெளிவந்தது. பூட்டோ 1979 ஏப்ரல் 4 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இறுதிக் காலம்

1977 இல் வடநாட்டில் சனதா அலை வீசியபோதும் கோத்ரா தொகுதி காங்கிரசுக்கே சென்றது. மறு ஆண்டு மோடி மாநிலங்களவைக்குத் தேர்வானார். உறுப்பினராக இருக்கும்போதே, 56 ஆம் அகவையில் காலமானார். சிமெண்ட் மீதான கட்டுப்பாடு அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டில் ஓரளவு தளர்த்தப்பட்டு, 1989 இல் முற்றிலும் நீக்கப்பட்டது. பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் பெறும் முறை 1991 இல் கைவிடப்பட்டது.