ஊர்க் கல்லூரியை நடத்துவது யார்?

கலிபோர்னியாவில் 18 வயது நிறைந்த எவரும் தங்கள் பகுதியின் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம். நுழைவுத் தேர்வு இல்லை. பள்ளி மதிப்பெண் தடையாக நிற்பதில்லை. மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) கட்டணம் 46 டாலர். 60 யூனிட் முடித்தால் ஈராண்டுப் பட்டம் கிடைக்கும். அதற்கான மொத்தக் கட்டணம் 2,760 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. பிறகு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிப் போகலாம். இல்லையென்றால் நர்சிங், மின்வேலை, தீயணைப்பு, கணக்கு என்று ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு நேரே வேலைக்குப் போகலாம்.

இப்படி 116 கல்லூரிகள், 73 கல்லூரி மாவட்டங்களாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேருக்குக் கல்வி தருகின்றன. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு டி ஆன்சா, ஃபுட்ஹில், ஓலோனி என்ற பெயர்கள் பழக்கமானவை. பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியில் ஒரு பங்கும் அங்கேதான் போகிறது.

ஆனால் இந்தக் கல்லூரிகளில் முடிவெடுப்பவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது, ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனை எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது என்பது என் உறுதியான எண்ணம். அதற்குக் காரணம் புரிய, முதல் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிறந்த கல்லூரி

சமுதாயக் கல்லூரிக்கு அன்றைய பெயர் ஜூனியர் கல்லூரி. அமெரிக்காவின் முதல் அரசு ஜூனியர் கல்லூரி 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் நீட்சியாகத் தொடங்கியது. கலிபோர்னியாவும் அதே வழியில் போனது. உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரிப் பாடமும் நடத்தலாம் என்று 1907-ல் சட்டம் வந்தது. 1910-ல் ஃபிரெஸ்னோவில் முதல் வகுப்புகள் தொடங்கின.

பள்ளியிலிருந்து பிறந்ததால் பள்ளியின் நிர்வாக முறையும் கூடவே வந்தது. அமெரிக்காவில் பள்ளிகளை நடத்துவது ஊர்மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு. செலவுக்கு ஊர்ச் சொத்து வரி. சமுதாயக் கல்லூரிக்கும் அதுவே வழக்கமானது. 1960-ல் வந்த உயர்கல்விப் பெருந்திட்டம், வருகிறவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பை இந்தக் கல்லூரிகளுக்குக் கொடுத்தது. மாநில அளவில் இவற்றை ஒருங்கிணைக்க 1967-ல் ஆட்சிக்குழு ஒன்று அமைந்தது. ஆனாலும் உள்ளூர்த் தேர்தல் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது.

முடிவெடுப்பவர்கள்

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் அறங்காவலர் குழு உண்டு. பெரும்பாலும் 5 அல்லது 7 பேர், நான்காண்டுப் பதவி. கல்லூரித் தலைவரை நியமிப்பது, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, ஊழியர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. பின்னாளில் கலிபோர்னியாவின் ஆளுநரான ஜெர்ரி பிரவுன் முதன்முதலில் தேர்தலில் வென்றது இப்படிப்பட்ட பதவிக்குத்தான்: 1969-ல், லாஸ் ஏஞ்சலிஸ் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தில்.

மாணவர்களின் பிரதிநிதியும் குழுவில் உட்காருகிறார். அவருடைய வாக்கு ஆலோசனை அளவில் பதிவாகும்; தீர்மானத்தின் எண்ணிக்கையில் சேராது. பாடத்திட்டம், மதிப்பெண் முறை போன்ற கல்வி விஷயங்களில் குழு ஆசிரியர் பேரவையோடு கலந்தாலோசிக்க வேண்டும். 1988-ல் வந்த ஒரு சீர்திருத்தச் சட்டம் இந்தப் பங்கை வலுப்படுத்தியது.

குழுவின் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்கிறது 1953-ன் பிரவுன் சட்டம். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டிவைக்க வேண்டும். பொதுமக்கள் யாரும் எழுந்து பேசலாம். பேசுபவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

பணம் வரும் வழி

1978 வரை கல்லூரிக்குத் தேவையான வரியின் அளவை உள்ளூர்க் குழுவே பெருமளவு தீர்மானித்தது. அந்த ஆண்டு வாக்காளர்கள் நிறைவேற்றிய பிரேரணை 13 இதை அடியோடு மாற்றியது. சொத்து வரி, சொத்தின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சொத்து கைமாறாதவரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. கல்லூரிக்கோ வருமானம் சரிந்தது. பள்ளத்தை நிரப்ப மாநில அரசு வந்தது. பணத்தோடு அதிகாரமும் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போனது. மாநிலத்தவருக்கு அதுவரை இல்லாத சேர்க்கைக் கட்டணமும் 1984-ல் வந்தது.

1988-ல் நிறைவேறிய பிரேரணை 98, பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் சேர்த்து மாநில வருவாயில் ஒரு குறைந்தபட்சப் பங்கை உறுதிசெய்தது. அதில் கல்லூரிகளுக்கு வழக்கமாகக் கிடைப்பது சுமார் 11 சதவீதம், மீதி பள்ளிகளுக்கு.

கல்லூரிகளுக்குள் பணத்தைப் பிரிக்க 2018 முதல் ஒரு சூத்திரம் நடப்பில் இருக்கிறது. ஏறக்குறைய 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 20 சதவீதம் ஏழை மாணவர்களை எவ்வளவு பேர் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 10 சதவீதம், பட்டம் பெற்றவர், பல்கலைக்கழகத்துக்கு மாறியவர், வாழத் தகுந்த சம்பளம் வாங்குபவர் போன்ற விளைவுகளைப் பொறுத்தது.

வேறு சில கணக்குகளும் உண்டு. மாரின், சான் மட்டேயோ போன்ற வசதியான பகுதிகளில் சொத்து வரியே சூத்திரம் சொல்லும் தொகையைத் தாண்டிவிடும். மிச்சத்தை அந்த மாவட்டம் தானே வைத்துக்கொள்ளலாம். கல்விச் செலவில் குறைந்தது பாதி, வகுப்பறை ஆசிரியர்களின் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்ற 1961-ன் சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. கட்டடம் கட்ட வேண்டுமென்றால் மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட மக்களிடம் ஓட்டுக் கேட்கும். முன்பு இதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டியிருந்தது. 2000-ல் வந்த பிரேரணை 39, சில கட்டுப்பாடுகளோடு 55 சதவீதம் போதும் என்றது.

ஆக, இன்று ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த குழு, பெரும்பாலும் வெளியிலிருந்து அளந்து வரும் பணத்தைச் செலவிடுகிறது. ஓட்டு ஊரில் இருக்கிறது. பணப்பையின் வாய் வேறிடத்தில். இந்த இடைவெளிதான் பல சிக்கல்களின் வேர்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது

இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி காட்டியது. அங்கீகாரம் வழங்கும் ஆணையம் 2012 ஜூலையில், நிதி நிலையிலும் நிர்வாகத்திலும் கடுமையான குறைகள் இருப்பதாகச் சொல்லி, அங்கீகாரத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டது. அங்கீகாரம் போனால் மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. படித்த யூனிட்டுகளை மற்ற கல்லூரிகள் ஏற்பதும் கடினம்.

அந்த நவம்பரில் நகர மக்கள், ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 79 டாலர் கூடுதல் வரி கட்டச் சம்மதித்துக் கல்லூரிக்குத் தோள் கொடுத்தார்கள். ஆனாலும் 2013 ஜூலையில் ஆணையம் அங்கீகாரத்தை ஓராண்டில் முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த குழுவின் அதிகாரத்தை மாநில நிர்வாகம் எடுத்து, தனி அறங்காவலர் ஒருவரிடம் கொடுத்தது. வரி போட்டவர்களின் பிரதிநிதிகளுக்கு அந்த வரிப்பணத்தின் மீது சொல்வாக்கு இல்லாமல் போனது.

நகரத்தின் சட்ட அதிகாரி வழக்குத் தொடுத்தார். ஆணையம் நடைமுறையில் சட்டத்தை மீறியிருந்தது என்று 2015-ல் நீதிமன்றம் கண்டது. 2017 ஜனவரியில் அங்கீகாரம் முழுமையாக உறுதியானது. அதற்குள் ஆயிரக்கணக்கான மாணவர்கள் விலகிப் போயிருந்தார்கள். மாணவர் குறைந்தால் மாநிலப் பணமும் குறையும்.

ஆணையத்தின் அணுகுமுறையைக் குறை சொல்வோர் உண்டு. கல்லூரியின் கணக்கு வழக்கைக் குறை சொல்வோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: ஊர்மக்கள் கல்லூரியோடு பேச, தேர்தலும் வரியும் மட்டும் போதாது. நெருக்கடி வருவதற்கு முன்பே, வருடம் முழுவதும் பேச ஒரு வழி வேண்டும்.

யோசனை சொல்பவர்கள்

அந்த வழி சட்டத்திலேயே இருக்கிறது, மூன்று வடிவங்களில்.

முதலாவது, கடன் பத்திரப் பணத்தைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழு. பிரேரணை 39-ன்படி கடன் வாங்கும் ஒவ்வொரு மாவட்டமும் குறைந்தது 7 பேர் கொண்ட குழுவை அமைக்க வேண்டும். உள்ளூர் வணிகர் அமைப்பு, மூத்த குடிமக்கள் அமைப்பு, வரி செலுத்துவோர் சங்கம், மாணவர்கள், கல்லூரிக்குத் துணைநிற்கும் அமைப்பு ஆகியவற்றிலிருந்து ஆள் இருக்க வேண்டும். கல்லூரியின் ஊழியரோ, அதற்குப் பொருள் விற்பவரோ, ஒப்பந்ததாரரோ இருக்கக்கூடாது. பணம் கட்டடத்துக்குத்தான் போனதா, சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ திரும்பியதா என்று பார்த்து மக்களிடம் அறிக்கை தருவது இவர்கள் வேலை.

இந்தக் குழு இருந்தால் மட்டும் போதாது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் 2001, 2003, 2008 ஆகிய ஆண்டுகளில் மக்கள் ஒப்புதலோடு 570 கோடி டாலருக்கு மேல் கட்டடக் கடன் திரட்ட வழி செய்துகொண்டது. அந்தப் பணிகளில் நடந்த வீண்செலவையும் பழுதான வேலைகளையும் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் 2011-ல் தொடர் கட்டுரைகளாக வெளிக்கொண்டுவந்தது. கேள்வி கேட்க நேரமும் ஆவணமும் கணக்கு தெரிந்த துணையும் இல்லாத குழு, வந்த அறிக்கையை வாங்கி வைக்கும் குழுவாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது, தொழிற்கல்வி ஆலோசனைக் குழு. நர்சிங் பிரிவு என்றால் பக்கத்து மருத்துவமனைகளின் தலைமை செவிலியர்கள். வாகனப் பிரிவு என்றால் பணிமனை நடத்துபவர்கள். கூடவே முன்னாள் மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் வருவார்கள். என்ன இயந்திரம் புதிதாக வந்திருக்கிறது, எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு, புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் எந்தத் திறமை குறைகிறது என்று இவர்கள் சொல்ல வேண்டும். தொழிற்பிரிவுகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறங்காவலர் குழு பரிசீலித்து, உள்ளூரில் வேலைவாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறது மாநிலக் கல்விச் சட்டம். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இந்த ஆலோசகர்களிடம்தான் இருக்கிறது.

மூன்றாவது, மத்திய அரசின் பெர்கின்ஸ் சட்டம் கேட்கும் தேவை மதிப்பீடு. 2018-ல் திருத்தப்பட்ட இந்தச் சட்டப்படி, தொழிற்கல்விக்கு மத்திய நிதி வாங்கும் கல்லூரி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவையை மதிப்பிட வேண்டும். முதலாளிகள், மாணவர்கள், பெற்றோர், பின்தங்கிய பிரிவினருக்காக உழைப்பவர்கள் எல்லோரையும் கலந்துதான் அதைச் செய்ய வேண்டும்.

இந்த மூன்றிலும் உட்காருபவர்களுக்கு அதிகாரம் இல்லை. பெரும்பாலும் சம்பளமும் இல்லை. அதனாலேயே இவர்களை அலட்சியம் செய்வது சுலபம். ஆண்டுக்கு ஒருமுறை மதிய உணவோடு கூட்டி, படக்காட்சி காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பினாலும் சட்டப்படி கூட்டம் நடந்ததாகிவிடும். அப்படி நடக்கும் இடத்தில், பத்து ஆண்டுக்கு முந்தைய இயந்திரத்தில் பழகிய மாணவர் வேலை தேடிப் போய் வாசலிலேயே திரும்புவார். இழப்பு அவருடையது.

நன்றாக நடக்கும் குழுவில் ஒரு பழக்கம் இருக்கும்: சொன்ன யோசனை ஒவ்வொன்றும் கூட்டக் குறிப்பில் ஏறும், அதில் எது நடந்தது, எது ஏன் நடக்கவில்லை என்று அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே கல்லூரி பதில் சொல்லும். இதற்குத் தனி நிதி வேண்டாம். கல்லூரி நிர்வாகத்தின் மனம் போதும்.

நம் பக்கத்தில்

இந்தியாவில் இந்த எண்ணம் முதலில் வேர்விட்டது தமிழ் மண்ணில்தான். 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. சேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் இதை நாடெங்கும் கொண்டுபோக உழைத்தார். 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தன் திட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கே கல்லூரிக்கென்று தனி வரியும் தேர்தலும் இல்லை. ஆகவே ஊர்த் தொழிலாளிகளும் முதலாளிகளும் யோசனை சொல்லும் மேசை இங்கே இன்னும் கூடுதல் கனம் தாங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியவை

கலிபோர்னியாவில் வசிப்பவராக இருந்தால், உங்கள் மாவட்ட அறங்காவலர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். குடியுரிமை இல்லாவிட்டாலும் கூட்டத்தில் பேச உரிமை உண்டு. கண்காணிப்புக் குழுவின் கடைசி ஆண்டறிக்கையைக் கேளுங்கள். அது பொது ஆவணம். பட்ஜெட் ஒப்புதலுக்கு வரும் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போங்கள். கையில் ஒரு தொழில் இருந்தால், அந்தப் பிரிவின் டீனுக்கு எழுதி, ஆலோசனைக் குழுவில் இடம் கேளுங்கள். செவிலியராகவோ, மென்பொருள் சோதனையாளராகவோ, சமையல் கூடம் நடத்துபவராகவோ இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்தது அங்கே பயன்படும்.

இடம் கிடைத்த பின் முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வியை வையுங்கள்: சென்ற ஆண்டு இந்தக் குழு சொன்னதில் எவ்வளவு நிறைவேறியது? பதில் இருந்தால் அந்தக் கல்லூரி ஊர் சொல்வதைக் கேட்கிறது. பதில் இல்லையென்றால், கிடைக்கும் வரை ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கேள்வியைக் கேட்பதுதான் ஆலோசகரின் கடமை.