போலீஸ் மீது புகார்: விசாரிக்கும் நாற்காலியில் யார் உட்கார வேண்டும்?

விசாரணைக்குன்னு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் அடித்துவிட்டார்கள். இப்போது யார்கிட்ட புகார் கொடுப்பது? அதே ஸ்டேஷனிலா?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது தமிழ்நாடே இந்தக் கேள்வியைக் கேட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது; மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கே அனுப்பியது. பிறகு வழக்கு சிபிஐக்குப் போனது. ஆனால் செய்தியாகாத அடிக்கும் மிரட்டலுக்கும் உயர் நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் இறங்கி வர முடியாது. அதற்குத்தான் நிரந்தரமான ஓர் அமைப்பு தேவை.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று வந்த தீர்ப்பு, மாநிலத்திலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல்துறை புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. எஸ்பி மற்றும் அதற்கு மேற்பட்ட அதிகாரிகள் மீதான புகார் மாநில ஆணையத்துக்கு. டிஎஸ்பி வரை மாவட்ட ஆணையத்துக்கு.

முக்கியமான நிபந்தனை, தலைவர் யார் என்பது. மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி. மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. உறுப்பினர்களாகப் பொதுச் சமூகத்தைச் சேர்ந்தவர்களும் வரலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும்.

தமிழ்நாடு என்ன செய்தது?

2013-ல் காவல்துறை சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதில் ஆணையம் இருக்கிறது, நாற்காலிதான் மாறிவிட்டது. மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர். டிஜிபியும் ஏடிஜிபியும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர். எஸ்பியும் கூடுதல் எஸ்பியும் உறுப்பினர்கள்.

அதாவது, ஓர் இன்ஸ்பெக்டர் மீது நீங்கள் கொடுக்கும் புகாரை அவருடைய மேலதிகாரியே உட்கார்ந்து விசாரிப்பார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் புகார் கொடுப்பவருக்கு நம்பிக்கை வருமா? இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது.

'போலீஸ் நண்பர்கள்' இருந்தார்களே?

இருந்தார்கள். 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' திட்டத்தில் பொதுமக்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். சாத்தான்குளம் சம்பவத்தில் அவர்கள் பெயரும் அடிபட, 2020 ஜூலையில் அரசு அதற்குத் தடை போட்டது. போலீஸுக்குக் கைகொடுப்பது வேறு, போலீஸைக் கேள்வி கேட்பது வேறு. நம்மிடம் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

மற்ற இடங்களில் எப்படி?

பக்கத்துக் கேரளத்தில் ஆணையங்களின் தலைவர்கள் ஓய்வுபெற்ற நீதிபதிகள். அமெரிக்காவின் சிகாகோ இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 22 காவல் மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 3 பேர் கொண்ட மக்கள் கவுன்சில். 2023 பிப்ரவரியில் முதல்முறையாகத் தேர்தல் நடத்தி 66 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதாமாதம் பொதுக்கூட்டம், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். நகர அளவில் 7 பேர் கொண்ட ஆணையமும் உண்டு. போலீஸ் தலைவர் பதவி காலியானால் அந்த ஆணையம்தான் 3 பெயர்களை மேயரிடம் கொடுக்கும்.

கவனிக்க: இந்தக் கவுன்சில்கள் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அதற்குத் தனி அலுவலகம் இருக்கிறது. கவுன்சில்களின் வேலை ஊர்க்குறையைக் கேட்பது, ஆலோசனை சொல்வது.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்?

• எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்பிக்கு எழுத்தில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். பிஎன்எஸ்எஸ் பிரிவு 173(4) இதைச் சொல்கிறது.

• மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதாக இருந்தால், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

• எல்லா ஸ்டேஷனிலும் சிசிடிவி வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புகாரில் நாள், நேரம், ஸ்டேஷன் பெயரைக் குறிப்பிட்டு அந்தப் பதிவைப் பாதுகாக்கக் கேளுங்கள்.

இவை எல்லாம் தனி ஆள் ஓடி ஓடிச் செய்ய வேண்டியவை. ஆணையத்தின் தலைவர் நாற்காலியில் போலீஸுக்கும் அரசுக்கும் வெளியே உள்ள ஒருவர் உட்கார்ந்தால் இந்த ஓட்டம் பாதியாவது குறையும். 2006 தீர்ப்பு கேட்டதும் அதைத்தான்.