நிறை நிறமாலையியல்

நிறை நிறமாலையியல் என்பது ஒரு பொருளில் உள்ள அணுக்களையும் மூலக்கூறுகளையும் மின்னூட்டம் பெற்ற அயனிகளாக மாற்றி, அவ்வயனிகளின் நிறையை அளப்பதன் மூலம் அப்பொருள் எவற்றால் ஆனது என்பதைக் கண்டறியும் பகுப்பாய்வு முறை ஆகும். இதற்குப் பயன்படும் கருவி நிறை நிறமாலைமானி எனப்படும். வேதியியல், மருந்தியல், உணவுப் பாதுகாப்பு, நிலவியல், தடயவியல், விண்வெளி ஆய்வு முதலிய துறைகளில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது.

பெயரில் நிறமாலை என்ற சொல் இருப்பினும் இம்முறையில் ஒளி அளக்கப்படுவதில்லை. வெள்ளொளி முப்பட்டகத்தில் நிறங்களாகப் பிரிவதைப் போல, அயனிகள் தத்தம் நிறைக்கேற்பப் பிரிந்து வரிசைப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது.

அடிப்படைக் கருத்து

மின்னூட்டமற்ற ஒரு மூலக்கூறை மின்புலத்தால் செலுத்தவோ காந்தப்புலத்தால் திருப்பவோ இயலாது. அதனை அயனியாக்கிவிட்டால் இவ்விரண்டும் இயலும். ஒரே மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட அயனிகளுள் இலேசானவை விரைவாகவும் கனமானவை மெதுவாகவும் செல்கின்றன. காந்தப்புலத்தில் இலேசானவை மிகுதியாகவும் கனமானவை குறைவாகவும் வளைகின்றன. இவ்வேறுபாடே அளவீட்டிற்கு அடிப்படையாகும்.

கருவி நேரடியாக அளப்பது நிறையை அன்று. நிறைக்கும் மின்னூட்டத்திற்கும் உள்ள விகிதத்தையே அது அளக்கிறது. எடுத்துக்காட்டாக, 1000 டால்ட்டன் நிறையும் இரு அலகு மின்னூட்டமும் கொண்ட அயனி, நிறமாலையில் 500 என்ற இடத்தில் தோன்றும். ஒரு டால்ட்டன் என்பது கார்பன்-12 அணுவின் நிறையில் 12-இல் ஒரு பங்கு ஆகும்.

வரலாறு

1912-13 ஆம் ஆண்டுகளில் ஜெ. ஜெ. தாம்சன் நியான் வளிமத்தின் அயனிகளை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் செலுத்தியபோது, 20, 22 ஆகிய இரு நிறைகளுக்குரிய தடங்களைக் கண்டார். நிலையான ஒரு தனிமத்திற்கு வெவ்வேறு நிறையுடைய அணுக்கள் உண்டு என்பதற்கான முதற் சான்று இதுவே. அவருடன் பணியாற்றிய பிரான்சிசு ஆசுட்டன் 1919 இல் மேம்பட்ட கருவியை அமைத்துப் பல தனிமங்களின் ஓரிடத்தான்களை இனங்கண்டார். இதற்காக 1922 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் அயனியாக்கும்போதே சிதைந்துவிடுவது நெடுங்காலம் தடையாக இருந்தது. 1980களில் இத்தடை நீங்கியது. சான் பென் மின்தெளிப்பு முறையையும், கொய்ச்சி தனக்கா சீரொளி கொண்டு மூலக்கூறுகளை மென்மையாக வெளியேற்றும் முறையையும் உருவாக்கினர். இவ்விருவரும் 2002 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டனர்.

கருவியின் பகுதிகள்

நிறை நிறமாலைமானியில் மூன்று முதன்மைப் பகுதிகள் உள்ளன. அயனிகள் காற்று மூலக்கூறுகளுடன் மோதித் திசை மாறாதிருக்கும் பொருட்டு, பகுப்பானும் உணரியும் வெற்றிடத்தில் இயங்குகின்றன.

1. அயனி மூலம்: எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகளின் மீது பொதுவாக 70 எலக்ட்ரான்-வோல்ட்டு ஆற்றலுடைய எலக்ட்ரான் கற்றை செலுத்தப்படுகிறது. இதனால் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிறது. மின்தெளிப்பு முறையில், கரைசல் உயர் மின்னழுத்தமுள்ள நுண்குழாயிலிருந்து நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. கரைப்பான் ஆவியான பின் அயனிகள் எஞ்சுகின்றன.

2. நிறைப் பகுப்பான்: காந்தப்புல வகை, அயனிகளை வளைத்துப் பிரிக்கிறது. நான்முனை வகையில், நான்கு தண்டுகளுக்கு அளிக்கப்படும் நேர் மின்னழுத்தமும் மாறு மின்னழுத்தமும் சேர்ந்து, குறிப்பிட்ட விகிதமுடைய அயனிகளை மட்டுமே கடக்க விடுகின்றன. பறப்புநேர வகையில், அயனி குறித்த தொலைவைக் கடக்கும் நேரம் அளக்கப்படுகிறது. 20,000 வோல்ட்டால் முடுக்கப்பட்ட, ஓரலகு மின்னூட்டமும் 100 டால்ட்டன் நிறையும் கொண்ட அயனி, 1 மீட்டரை ஏறத்தாழ 5 மைக்ரோநொடியில் கடக்கும். 400 டால்ட்டன் அயனிக்கு இதைப்போல் இரு மடங்கு நேரம் தேவை.

3. உணரி: வந்து மோதும் ஒவ்வோர் அயனியும் எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது; அவை படிப்படியாகப் பன்மடங்காகப் பெருக்கப்பட்டு மின்குறிகையாகப் பதிவாகின்றன.

நிறமாலையைப் படித்தல்

நிறமாலையின் கிடை அச்சு நிறை-மின்னூட்ட விகிதத்தையும், நெடு அச்சு அயனிகளின் அளவையும் காட்டுகின்றன. எலக்ட்ரான் கற்றையால் தாக்கப்பட்ட மூலக்கூறுகளுள் பல உடைந்துபோவதால், ஒரே சேர்மம் பல முகடுகளைத் தரும். மெத்தனாலின் மூலக்கூற்று அயனி 32 இல் தோன்றும். ஓர் ஐதரசன் அணுவை இழந்த துண்டு 31 இல் மிக உயர்ந்த முகடாகத் தெரியும். 29, 15 ஆகிய இடங்களிலும் முகடுகள் உண்டு. சேர்மங்கள் உடையும் விதம் வேறுபடுவதால், அளந்த நிறமாலையைத் தரவுத்தளத்தில் உள்ளவற்றுடன் ஒப்பிட்டு இனங்காணலாம்.

ஓரிடத்தான்களும் துணை செய்கின்றன. குளோரின்-35, குளோரின்-37 ஆகியவை இயற்கையில் ஏறத்தாழ 3:1 என்ற விகிதத்தில் உள்ளன. எனவே ஒரு குளோரின் அணு உள்ள சேர்மம், இரண்டு அலகு இடைவெளியில் அதே விகிதத்தில் இரு முகடுகளைக் காட்டும். புரோமினாயின் இரு முகடுகளும் ஏறக்குறைய சம உயரமாக இருக்கும்.

நுண்மையாக அளக்கும்போது மேலும் தெளிவு கிடைக்கிறது. கார்பனோராக்சைடு, நைட்ரசன், எத்திலீன் ஆகிய மூன்றின் நிறையும் முழு எண்ணில் 28 ஆகும். ஆனால் அவற்றின் துல்லியமான நிறைகள் முறையே 27.9949, 28.0061, 28.0313 ஆகும். உயர் பிரிதிறன் கொண்ட கருவி இம்மூன்றையும் வேறுபடுத்திக் காட்டும்.

இணைப்பு நுட்பங்கள்

கலவைகளை ஆராயும்போது முதலில் வளிம நிறப்பகுப்பியலாலோ நீர்ம நிறப்பகுப்பியலாலோ கூறுகளைப் பிரித்து, பின்னர் ஒவ்வொன்றாக நிறமாலைமானிக்குள் செலுத்துவர். அடுக்கு நிறை நிறமாலையியலில், குறிப்பிட்ட ஓர் அயனி மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, வளிமத்துடன் மோதவிட்டு உடைக்கப்படுகிறது. அதன் துண்டுகள் மீண்டும் அளக்கப்படுகின்றன.

திண்மப் பொருட்களுக்குத் தனி முறைகள் உண்டு. மேற்பரப்பை அயனிக் கற்றையால் தாக்கி, அங்கிருந்து வெளிப்படும் அயனிகளை அளக்கும் முறை, குறைகடத்திகளில் கலந்துள்ள மாசுகளை ஆழவாரியாகக் காட்டுகிறது. ஆர்கான் பிளாசுமாவைப் பயன்படுத்தும் முறை, குடிநீரில் மிகச் சிறிதளவே உள்ள ஈயம், ஆர்செனிக்கு முதலியவற்றைக் கண்டறியும்.

மெலமைன் கலப்படம்

ஒரு தனிமத்தின் மொத்த அளவை அறிவதற்கும் சேர்மத்தையே இனங்காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை, 2008 இல் சீனாவில் வெளிப்பட்ட பால் கலப்படம் உணர்த்தியது. பாலின் புரத அளவு வழக்கமாக அதிலுள்ள நைட்ரசனை அளந்து கணக்கிடப்பட்டு வந்தது. மெலமைன் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருளின் எடையில் ஏறத்தாழ 66 விழுக்காடு நைட்ரசன் ஆகும். நீர் கலந்த பாலில் ஒரு கிராம் மெலமைன் சேர்த்தால், சோதனை அதனை நான்கு கிராமுக்கும் மேற்பட்ட புரதமாகக் கணக்கிடும். சோதனை தவறாக அளக்கவில்லை. நைட்ரசன் எதிலிருந்து வந்தது என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

இக்கலப்படப் பாலைப் பருகிய ஏறத்தாழ 3,00,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். பலருக்குச் சிறுநீரகக் கற்கள் உண்டாயின. 6 குழந்தைகள் இறந்ததாகச் சீன அரசு அறிவித்தது.

அடுக்கு நிறை நிறமாலையியல் இக்கேள்விக்கு நேரடியாக விடை தருகிறது. புரோத்தன் ஒன்றை ஏற்ற மெலமைன் 127 இல் தோன்றும். உடைக்கும்போது 85 இல் ஒரு துண்டைத் தரும். இவ்விணை நீர்ம நிறப்பகுப்பில் உரிய நேரத்தில் தோன்றினால் மெலமைன் இருப்பது உறுதியாகும். 2010 இல் பன்னாட்டு உணவு நெறிமுறை ஆணையம், குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைனின் உச்ச வரம்பைக் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் என நிறுவியது. இத்தகைய சிறிய அளவைக் கண்காணிக்க இம்முறை பயன்படுகிறது.

வரம்புகள்

ஒரே அணுக்களை வேறு விதமாகக் கோத்த மாற்றியங்களின் நிறை முற்றிலும் சமம் என்பதால், நிறையை மட்டும் கொண்டு அவற்றைப் பிரித்தறிய இயலாது. இலியூசின், ஐசோலியூசின் என்னும் அமினோ அமிலங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. மேலும், எளிதில் அயனியாகாத சேர்மங்கள் மாதிரியில் மிகுந்திருந்தாலும் சிறிய முகடாகவே தோன்றலாம். ஆகவே முகட்டின் உயரத்தைக் கொண்டு அளவைக் கூறுவதற்கு, அளவு தெரிந்த தூய மாதிரியுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது. தேடாத பொருளைக் குறிவைத்த சோதனை காட்டாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.