ஊசி நடுவில் நிற்கட்டும்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்டீரியோ டியூனர் ஏதாவது உறங்குகிறதா? அதை எழுப்பும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகாதீர்கள், கருகிவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் அவசியம்.

டியூனர் தானாகப் பாடாது, ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதில் 'டியூனர்' அல்லது 'ஆக்ஸ்' துளையில் இணைத்துவிடுங்கள். இசைத்தட்டுக்கான 'ஃபோனோ' துளையில் கொடுத்தால் ஒலி சிதைந்து அலறும். ஏரியல்தான் உயிர்நாடி. 300 ஓம் திருகுகளில், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலமுள்ள டி வடிவத் தட்டை ஒயரை மாட்டி, வானொலி நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காகச் சுவரில் விரித்துவிடுங்கள்.

இனி குமிழைத் திருப்பலாம். உள்ளே கனத்த சக்கரம் இருப்பதால், ஒரு சுண்டு சுண்டினால் முள் வழுக்கிக்கொண்டே போகும். அந்தச் சுகமே தனி! பல டியூனர்களில் இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஒன்றில் ஊசி உச்சிக்கு ஏற வேண்டும், மற்றதில் நட்டநடுவே நிற்க வேண்டும். அப்போது சிறு விளக்கு எரிந்தால், நிலையம் அனுப்பும் 19 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ அடையாள ஒலியை டியூனர் பிடித்துவிட்டது என்று பொருள். அமெரிக்காவில் 1961 ஜூனில் எஃப்.எம். ஸ்டீரியோ தொடங்கியது முதல் இதே ஏற்பாடுதான்.

தொலைதூர நிலையம் 'உஸ்' என்று இரைகிறதா? மோனோ பொத்தானை அழுத்துங்கள், இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும்.