தகடு இல்லை, சூடு உண்டு

துணி தேய்ப்பதைப் பற்றி உலக மேடையில் பேசவைத்த ஊர் திருவண்ணாமலை. தெருவோர இஸ்திரிக்காரர் எரிந்து தீர்ந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். 5 மணி நேர வெயில் கிடைத்தால் 6 மணி நேரம் தேய்க்கலாம் என்பது அதன் கணக்கு. 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குப் போனார். அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார்.

கரி வண்டிக்கு மாற்றாக அவர் சூரியனைக் காட்டினார். வீடுகளிலும் லாட்ஜ் அறைகளிலும் அயர்ன் பாக்ஸுக்கு மாற்றாக வந்திருப்பது வேறொன்று: கையில் பிடிக்கும் ஸ்டீமர். தண்ணீர் ஊற்றி, பின்னைச் சொருகி, ஓரிரு நிமிடம் காத்திருந்தால் மூக்கு வழியே ஆவி வரும். மாட்டியிருக்கும் சட்டை மேல் ஓட்டினால் சுருக்கம் தளரும். மேசை வேண்டாம், போர்வையை மடித்துப் போட வேண்டாம், துணி கருகும் பயமும் குறைவு. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருபவர் பைக்குள்ளும் அடங்கிவிடுகிற அளவு. சில மாடல்கள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே இணையத்தில் கிடைக்கின்றன.

ஆபத்தானது இந்தச் சாதுவான தோற்றம்தான். அயர்ன் பாக்ஸின் தகடு சுடும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஸ்டீமரில் அப்படிப் பளபளக்கும் தகடு பெரும்பாலும் இல்லை. இதில் என்ன சுடப்போகிறது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. போட்டுக்கொண்ட சட்டையை உடம்பிலேயே வைத்து ஆவி காட்டுவதும், சுருக்கம் நீங்க மறு கையை உள்ளே கொடுத்துத் துணியை இழுத்துப் பிடிப்பதும் அதனால்தான்.

கணக்கைப் பார்த்தால் எண்ணம் மாறும். 100 டிகிரி வெந்நீர் ஒரு கிராம் உடல் சூட்டுக்கு இறங்கும்போது ஏறக்குறைய 63 கலோரி வெப்பத்தைத் தோலில் விடுகிறது. அதே சூட்டில் இருக்கும் ஒரு கிராம் ஆவி, தண்ணீராக மாறும்போதே 540 கலோரியை இறக்கிவிடும். 63 அதற்குப் பிறகுதான். வெள்ளைப் புகையாகக் கண்ணுக்குத் தெரிவது ஏற்கெனவே குளிர்ந்து துளியாகிவிட்ட பகுதி. மூக்கை ஒட்டி, எதுவுமே இல்லாததுபோல் தெரிகிற இடத்தில்தான் உண்மையான ஆவி இருக்கிறது.

ஆவியோடு வெந்நீரும் சேர்ந்து துப்பினால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் பெயரில் விற்ற ஒரு கைஸ்டீமர் மாடலை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றிருந்தன. புகார் ஒன்றுதான்: வெந்நீர் பீய்ச்சி அடிக்கிறது, கை கால் வெந்துபோகிறது. 2024இல் அந்தத் திரும்பப் பெறுதலை விரிவாக்க வேண்டியதாயிற்று. காயப் புகார்கள் நின்றபாடில்லை. பெரிய பெயரும் காப்பு அல்ல என்பதற்காகவே இந்தச் செய்தியை நினைவில் வைக்கலாம்.

ஸ்டீமர் துப்புவதற்குக் காரணம் எப்போதும் தயாரிப்பாளர் அல்ல. குறியீட்டுக்கு மேல் தண்ணீர் நிரப்புவது ஒன்று. சூடாகும் முன்பே பொத்தானை அழுத்துவது இன்னொன்று. செங்குத்தாகப் பிடிக்க வேண்டியதைப் படுக்கவைத்து ஓட்டுவது மூன்றாவது. போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து துவாரங்களை அடைப்பது நான்காவது. இது மெதுவாக நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ஸ்டீமருக்குள்ளும் படியும். உப்பு நீக்கிய தண்ணீரை ஊற்றுவதும், கையேட்டில் சொன்னபடி அவ்வப்போது உப்புப் படிவைக் கழுவுவதும் சோம்பல் படக்கூடாத வேலைகள். தண்ணீர் ஊற்றும்போது பின்னைப் பிடுங்கியிருக்க வேண்டும். இதைக் கையேடுகள் முதல் பக்கத்திலேயே சொல்கின்றன. முதல் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

அடுத்தது மின்சாரம். கைஸ்டீமர்களில் பல 1,000 முதல் 1,600 வாட் வரை இழுப்பவை. 1,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர். லாட்ஜில் கட்டில் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட். தீபத் திருநாளில் ஓர் அறையில் ஒரு குடும்பமே தங்கும்போது, அந்த ஒற்றைச் சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, அதில் நான்கு போன் சார்ஜர், ஒரு கெட்டில், ஒரு ஸ்டீமர் என்று மாட்டினால் ஒயர் சூடேறும். பெரிய பின் கொண்ட சாதனத்தைக் கன்வர்ட்டர் வைத்துச் சின்ன ஓட்டையில் திணிப்பதும் இதே கதைதான். குளியலறைக் கதவருகே, ஈரக் காலோடு, எர்த் இல்லாத சாக்கெட்டில் ஸ்டீமர் பிடிப்பவரைக் காப்பாற்ற வல்லது ஒன்று உண்டு: 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. வீட்டு மெயின் போர்டில் அது இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்க எலக்ட்ரீஷியன் தேவையில்லை.

ரமணாசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் ஸ்டீமர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால், இங்கே 230 வோல்ட்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு மின்திறனை இழுக்கப் பார்க்கும். பின்னைப் பொருத்தும் அடாப்டர் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. அமெரிக்க உறவினர் அன்போடு கொடுத்துவிட்டுப் போன சாதனத்துக்கும் இது பொருந்தும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 100-240 என்று இருக்கிறதா, இரட்டை வோல்ட்டேஜ் சுவிட்ச் இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும்.

சுட்டுவிட்டால்? குழாய்த் தண்ணீரைச் சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடவிட வேண்டும். 20 நிமிடம் என்பது நீண்ட நேரம். பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. மோதிரம், வளையலை வீங்கும் முன் கழற்ற வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் போக வேண்டும். முகம், கை, மூட்டு என்றாலோ குழந்தை என்றாலோ தாமதமே கூடாது, 108ஐ அழைக்கலாம். மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது பின்னால் வழக்குக்கும் உதவும்.

நுகர்வோரின் உரிமை வாங்கும்போதே தொடங்குகிறது. மின் அயர்ன் பாக்ஸுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பது 2003ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கிறது. அதற்கான தரம் ஐஎஸ் 366. வீட்டு மின்சாதனங்களைப் பரவலாக ஐஎஸ் 302 என்ற பொதுப் பாதுகாப்புத் தரத்துக்குள் கொண்டுவரும் ஆணை பின்னால்தான் வந்தது, அதன் அமலாக்கத் தேதியும் தள்ளிப்போனது. ஆகவே முத்திரையே இல்லாத பழைய சரக்கு ஸ்டீமர் கைக்கு வரலாம். முத்திரை இருந்தாலும் அதன் மேலே ஐஎஸ் எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். போலி முத்திரை குத்துபவருக்கு 2016ஆம் ஆண்டின் பிஐஎஸ் சட்டம் 2 ஆண்டு வரை சிறையோ, முதல் முறைக்கே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ வைத்திருக்கிறது.

இணையத்தில் வாங்கினால் சோதித்துத்தான் விற்பார்கள் என்ற நம்பிக்கைக்கு அடி விழுந்தது 2022 ஆகஸ்டில். ஐஎஸ்ஐ இல்லாத 2,265 பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்றதற்காக அமேசானுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. அதே மாதம் பிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்களுக்காக அதே உத்தரவு. 2025 மார்ச்சில் பிஐஎஸ் அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் இரு நிறுவனங்களின் கிடங்குகளிலும் சோதனை போட்டு, சான்று இல்லாத பொருட்களைக் கைப்பற்றினார்கள். 1 லட்சம் என்பது அந்த நிறுவனங்களுக்குத் தேநீர்ச் செலவு என்றாலும், 'நாங்கள் வெறும் மேடைதான்' என்ற பதில் ஆணையத்திடம் எடுபடவில்லை என்பதே வாங்குபவருக்கு முக்கியம்.

'30 விநாடியில் கடைக்குப் போட்டது போல' என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். கஞ்சி போட்ட பருத்தி வேட்டியின் மடிப்பு அழுத்தத்தால் வருவது. ஸ்டீமரிடம் அழுத்தம் இல்லை. அதற்கு அயர்ன் பாக்ஸ்தான், அல்லது தெருமுனை இஸ்திரிக்காரர்தான். ஆரணிப் பட்டுக்கு ஆவி இதமானது, ஆனால் துப்பும் ஸ்டீமர் பட்டில் நீர்த்துளிக் கறையை விட்டுவிடும். உள்பக்கம் திருப்பி, கொஞ்சம் தள்ளிப் பிடிப்பது நல்லது. செய்ய முடியாததைச் செய்யும் என்று விளம்பரம் செய்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க அதே மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உண்மையைச் சரிபார்க்காமல் விளம்பரத்தில் நடித்துப் பரிந்துரைப்பவரும் இதற்குத் தப்ப முடியாது.

அதே சட்டத்தின் 82 முதல் 87 வரையான பிரிவுகள் பொருளால் வந்த காயத்துக்கு இழப்பீடு கேட்கும் வழி. தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை, போதுமான எச்சரிக்கை தராதது ஆகிய மூன்றுக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்கை விற்ற கடைக்காரரும் மாட்டுவார். பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சுவரில் எழுதி வைத்தாலும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்டீமர் துப்பிக் கை வெந்தால், இணையத் தளத்தில் 'ரிட்டர்ன்' அழுத்திப் பெட்டியை அனுப்பிவிடுகிறார்கள். பணம் திரும்பி வரும், ஆதாரம் போய்விடும். பொருளில் குறை உண்டா என்பதைத் தீர்மானிக்க, வழக்கை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம், அதற்குப் பொருள் வேண்டும். காயம் பட்டவர் பணத்துக்கு அவசரப்படாமல், சாதனத்தைக் கழுவாமல், பிரித்துப் பார்க்காமல் எடுத்து வைத்து, பில், அட்டைப்பெட்டி, சாதனத்தில் ஒட்டியிருக்கும் சீட்டின் படம், காயத்தின் படம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். எழுத்துமூலம் புகாரும் அனுப்ப வேண்டும். இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு என்பது கெடு. ஆய்வகச் சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் அதைத் தாண்டிப் போவதும் உண்டு.

எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது 87ஆம் பிரிவாக இருக்கும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியவருக்கோ மாற்றி அமைத்தவருக்கோ விற்றவர் மீது வழக்கு இல்லை என்கிறது அது. மது போதையில் பயன்படுத்தினாலும் தயாரிப்பாளர் தப்பிக்க வழி உண்டு. உடம்பில் போட்ட சட்டைக்கு ஆவி பிடித்தவரிடமும், பின்னை வெட்டி ஒயரை நேரடியாகச் சொருகியவரிடமும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி கையேட்டைப் படித்தீர்களா என்பதாகத்தான் இருக்கும். பில்லோடு கையேட்டையும் அதே உறையில் போட்டு வைத்தால், அதில் எச்சரிக்கை இருந்ததா இல்லையா என்பதை ஆணையமே புரட்டிப் பார்த்துக்கொள்ளும்.