சில்லிடும் விரல்கள்

சிங்கப்பூரின் வெக்கையில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் மட்டும் சில்லிட்டுப் போகுமா? போகும். மருத்துவம் பயிலும் மாணவர் என்ற முறையில் அதன் காரணத்தை இங்கே விளக்க விரும்புகிறேன்.

நம் கைக்கு இரண்டு தமனிகள் இரத்தம் கொண்டுவருகின்றன. ஒன்று மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் ஓடுகிறது. நாடி பார்ப்பது இதில்தான். மற்றொன்று சுண்டுவிரல் பக்கம். இரண்டும் உள்ளங்கையில் வளைவாக இணைவதால், ஒன்று அடைபட்டாலும் பெரும்பாலும் மற்றது ஈடுகொடுக்கும். ஆனால் இந்த வளைவு எல்லாருக்கும் முழுமையாக அமைவதில்லை.

சுண்டுவிரல் பக்கத் தமனி, உள்ளங்கையின் அடியில் கொக்கி போன்ற எலும்பையொட்டித் தோலுக்கு அருகிலேயே செல்கிறது. உள்ளங்கையையே சுத்தியலாக்கிப் பலகையையும் குழாயையும் தட்டிப் பொருத்துவோருக்கு, அங்கே தமனிச் சுவர் சிதைந்து இரத்தம் உறையலாம். உறைந்த துணுக்குகள் விரல்களுக்குச் சென்று அடைத்துக்கொள்ளும். 1934இல் வான் ரோசன் விவரித்த இந்நோய்க்கு 1970இல் சூட்டப்பட்ட பெயரிலேயே ‘சுத்தியல்’ இருக்கிறது.

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு; அதன் மூல வடிவத்தை 1929இல் அமெரிக்க மருத்துவர் எட்கர் ஆலன் வெளியிட்டார். நோயாளி கையை இறுக மூடுவார்; மருத்துவர் இரு தமனிகளையும் அழுத்துவார். கையைத் திறந்ததும் உள்ளங்கை வெளுத்திருக்கும். ஒரு தமனியை மட்டும் விட்டால் சில நொடிகளில் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த வழியில் தடை இருக்கலாம். ஸ்கேன், ஆஞ்சியோகிராம் ஆகியவை அதை உறுதிசெய்யும்.

சிகிச்சை படிப்படியானது. புகைப்பதை நிறுத்துவதும் உள்ளங்கையால் தட்டுவதைக் கைவிடுவதும் முதற்படி. அடுத்து, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மருந்தும் தமனியை விரிக்கும் மருந்தும் தரப்படும். புதிய உறைவாக இருந்தால் கரைக்க முயல்வார்கள். போதாவிட்டால் சிதைந்த பகுதியை வெட்டியெடுத்து, நோயாளியின் சிரை ஒன்றை நுண்ணோக்கியின் உதவியுடன் அங்கே தைப்பார்கள். டான் டோக் செங் மருத்துவமனை, சிங்கப்பூர் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் கை அறுவை சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன.

கோடாலித் தைலம் தேய்த்தால் தோல் சூடாகும், அடைப்பு திறக்காது. கை திடீரென வெளிறி, வலியெடுத்து, அசைக்க முடியாமல் போனால் உடனே 995ஐ அழைக்க வேண்டும். இரத்தமின்றி ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தசை நிரந்தரமாகச் சேதமடையத் தொடங்கும்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தேக்காவில் ஞாயிறுதோறும் கூடும் நம் ஊழியர்களில் பலர் கையால் உழைப்பவர்கள். “விரல் மரக்கிறது” என்று மட்டும் சொன்னால் நரம்புக் கோளாறு என்று எண்ண இடமுண்டு. எந்த விரல், நிறம் மாறுகிறதா, கையால் எதைத் தட்டுகிறார் என்பதையும் சொன்னால்தான் மருத்துவருக்குத் தடயம் கிடைக்கும். அவர்களுக்கு மொழிபெயர்க்கச் செல்லும் நண்பர்களே, இந்த மூன்று கேள்விகளையும் மறவாமல் கேளுங்கள். ஒரு விரலையேனும் அது காக்கக்கூடும்.